வீடு வாங்கி வாடகைக்கு விட நினைப்பவர்களுக்கு: கணக்கு முதல் காலி செய்யும் நாள் வரை

திருச்சி காட்டூரில் கீழே ஒரு போர்ஷன், மேலே ஒரு போர்ஷன் என்று இருந்த பழைய வீடு ஒன்றை வாங்கி வாடகைக்கு விட்டிருக்கிறேன். மூன்றாவது வருடம் நடக்கிறது. மாதச் சம்பளத்தில் சேர்த்த பணம், கொஞ்சம் நகை, மீதிக்கு வங்கிக் கடன். வீட்டில் யாருக்கும் இதில் முன் அனுபவம் கிடையாது. பட்டாவுக்கு நான்கு மாதம் அலைந்தேன், முதல் குடித்தனக்காரரிடம் எழுத்தில் எதுவும் வாங்காமல் சாவியைக் கொடுத்தேன். இரண்டுமே தவிர்த்திருக்கக் கூடிய விஷயங்கள். சிறிய அளவில், ஒரு வீடோ இரண்டு போர்ஷனோ வாங்கி வாடகை பார்க்க நினைக்கிறவர்களுக்காக, தமிழ்நாட்டு நடைமுறையை வரிசையாக எழுதுகிறேன்.

1. வீடு பார்க்கும் முன் ஒரு தாளில் கணக்கு

என் வீட்டின் விலை 48 லட்சம். பத்திரப்பதிவுக்கு 4,32,000. கையில் எடுத்தவுடன் தளம் ஒழுகல், ஒயரிங், பாத்ரூம் வேலை என்று 1,18,000. ஆக மொத்தம் 53 லட்சத்து 50 ஆயிரம். கீழ் போர்ஷன் வாடகை 9,000, மேல் போர்ஷன் 8,000.

மாதம் 17,000 என்றால் வருடம் 2,04,000 என்று மனம் உடனே பெருக்கிவிடும். அப்படிப் பெருக்காதீர்கள். ஆள் மாறும்போது வீடு சும்மா கிடக்கும். அதற்கு வருடத்தில் ஒரு மாதத்தைக் கழியுங்கள், 1,87,000. சொத்து வரி 6,000, ரிப்பேருக்கு 20,000 எடுத்து வையுங்கள். கைக்கு வருவது 1,61,000. போட்ட பணத்துக்கு வருடம் 3 சதவீதம். வங்கியில் டெபாசிட் போட்டிருந்தால் இதைவிட அதிகம் வந்திருக்கும்.

அப்படியிருந்தும் வாங்கினேன். இடத்தின் மதிப்பு கூடும், வாடகையும் மெல்ல ஏறும், பத்துப் பதினைந்து வருடம் விற்கத் தேவையில்லை என்பதால். ஐந்து வருடத்தில் பணம் வேண்டும் என்கிறவர்களுக்கு இது சரிப்படாது என்றே சொல்வேன்.

கடன் வாங்குகிறவர்கள் இன்னொரு கணக்கும் போட வேண்டும். 25 லட்சம் கடன், 8.5 சதவீத வட்டி, 20 வருடம் என்றால் மாதத் தவணை 21,700 ரூபாய் அளவில் வரும். இரண்டு போர்ஷனும் நிரம்பியிருந்தாலும் மாதம் 4,700 ரூபாய் நான் கையிலிருந்து போடுகிறேன். கீழ் போர்ஷன் காலியானால் 13,000 ரூபாய்க்கு மேல். ஆறு மாதத் தவணைப் பணம் தனியாகக் கையில் இல்லாமல் இறங்காதீர்கள்.

வங்கி முழுப் பணமும் தராது. கடன் 30 லட்சம் வரை என்றால் சொத்து மதிப்பில் 90 சதவீதம், அதற்கு மேல் 75 லட்சம் வரை 80 சதவீதம், அதையும் தாண்டினால் 75 சதவீதம் என்பது ரிசர்வ் வங்கி வைத்திருக்கும் உச்சவரம்பு. பத்திரச் செலவு நம் பொறுப்பு.

2. வீடு பார்க்கும்போது

தண்ணீர், ஈபி மீட்டர், ஒழுகல். குடியிருக்க வருகிறவர்களின் சண்டைகள் பெரும்பாலும் இந்த மூன்றில்தான் பிறக்கின்றன.

முடிந்தால் மழை பெய்த மறுநாள் போய்ப் பாருங்கள். சம்ப் மூடியைத் தூக்கி உள்ளே டார்ச் அடியுங்கள். மாடித் தொட்டிக்குத் தண்ணீர் ஏற எத்தனை நிமிடம் ஆகிறது என்று மோட்டாரைப் போட்டு நின்று பாருங்கள். பாத்ரூம் சுவரின் மறுபக்கம் எந்த அறை வருகிறதோ, அங்கே போய் முழங்கால் உயரத்தில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள். நான் பார்த்தபோது புது பெயிண்ட் மணம் வந்தது, கை வைத்தால் சில்லென்றிருந்தது. பெயிண்டை மட்டும் நம்பியிருந்தால் அந்தச் செலவு எனக்குத் தெரியாமலே போயிருக்கும். கை வைத்ததால் விலையில் 40,000 குறைத்துப் பேச முடிந்தது.

ஒவ்வொரு போர்ஷனுக்கும் தனி ஈபி இணைப்பு இருக்கிறதா என்று கேளுங்கள். வீட்டு இணைப்புக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம். இரண்டு குடும்பம் ஒரே மீட்டரில் இருந்தால் ஒருவருக்கான இலவசம் போய்விடும், யூனிட்டும் மேல் அடுக்குக்கு ஏறி ரேட் கூடும். பொது மோட்டார் எந்த மீட்டரில் ஓடுகிறது என்பதையும் பாருங்கள். என் வீட்டில் கீழ் போர்ஷன் மீட்டரில் ஓடியது. மேலே இருப்பவர்கள் குளிக்கும் தண்ணீருக்குக் கீழே இருப்பவர்கள் பில் கட்டினார்கள். இப்போது கீழ் வாடகையில் மாதம் 200 ரூபாய் குறைத்துக்கொண்டு, அதை ஒப்பந்தத்திலேயே எழுதிவிட்டேன். அதற்குப் பிறகு பேச்சே எழவில்லை.

3. பத்திரம், பட்டா, வில்லங்கம்

அட்வான்ஸ் கொடுப்பதற்கு முன்பே இதை முடித்துவிடுங்கள். "இன்னைக்கே டோக்கன் அட்வான்ஸ் போடலைன்னா வேற பார்ட்டி ரெடியா இருக்காங்க" என்று புரோக்கர் அவசரப்படுத்துவார். போனால் போகட்டும்.

விற்பவரிடம் கேட்க வேண்டியவை: அவர் வாங்கிய பத்திரத்தின் அசல், அதற்கு முந்தைய மூலப்பத்திரங்கள், பட்டா, வீடு கட்டிய பிளான் அனுமதி, கடைசியாகச் சொத்து வரி கட்டிய ரசீது, ஈபி அட்டை. பரம்பரைச் சொத்து என்றால் இறப்புச் சான்றும் வாரிசுச் சான்றும். வாரிசுகள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். வெளிநாட்டில் ஒரு தங்கை இருக்கிறார், அவர் ஒன்றும் சொல்லமாட்டார் என்ற பேச்சை ஏற்காதீர்கள். பவர், அதாவது உரிமையாளர் சார்பில் விற்கும் அதிகாரப் பத்திரம், வைத்து விற்கிறார் என்றால், பவர் கொடுத்தவர் உயிரோடு இருப்பதற்கான சான்று வேண்டும்.

சொத்தின் மேல் பதிவான விற்பனை, அடமானம் எல்லாவற்றையும் காட்டும் வில்லங்கச் சான்றை, அதாவது ஈசியை, பதிவுத்துறை இணையதளத்தில் நாமே எடுத்துப் பார்க்கலாம். குறைந்தது 30 வருடத்துக்குப் பாருங்கள். பழைய அடமானம் ஏதாவது இருந்தால், அது தீர்ந்ததற்கான ரசீது ஆவணமும் பதிவாகியிருக்க வேண்டும். கடனை அடைத்துவிட்டேன் என்று வங்கிக் கடிதத்தை மட்டும் காட்டினால் போதாது. இன்னொன்றும் முக்கியம். பதிவானது மட்டும்தான் ஈசியில் வரும். பதிவாகாத உயில், கோர்ட்டில் நடக்கும் வழக்கு, கைமாற்றுக்கு அசல் பத்திரத்தைக் கொடுத்து வைத்திருப்பது எதுவும் அதில் தெரியாது. அதனால்தான் அசலைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்கிறேன். ஜெராக்ஸ் மட்டும் காட்டினால், அசல் எங்கேயோ அடகில் இருக்கிறது என்றே எடுத்துக்கொள்ளுங்கள்.

நான் அகப்பட்டது பட்டாவில். விற்றவர் பெயரில் பத்திரம் சுத்தமாக இருந்தது, ஆனால் பட்டா அவருக்கு விற்றவரின் அப்பா பெயரிலேயே கிடந்தது. பத்திரம் ஆனால் பட்டா தானாக மாறிவிடும் என்றார்கள். விற்பவர் பெயரில் பட்டா இருந்து, முழு மனையும் ஒன்றாகக் கைமாறினால் அப்படி நடக்கும். நடுவில் ஒரு கண்ணி விட்டுப்போனால் நடக்காது. பழைய பத்திரங்களை ஒவ்வொன்றாகக் கொண்டுபோய்க் காட்டி, திருப்பி அனுப்பப்பட்ட மனுவை மறுபடி போட்டு, நான்கு மாதம் போனது. கடைசியில் போய் நின்ற வக்கீல் தாத்தா சொன்னார்: "ஏம்மா, பத்திரத்தப் பாத்த அன்னைக்கே பட்டாவையும் பக்கத்துல வெச்சுப் பாத்திருந்தா, மாத்திக் குடுக்குற வேலை அவரோடதா இருந்திருக்கும்." விற்பவரைத் தன் பெயருக்குப் பட்டா மாற்றித் தரச் சொல்லுங்கள், பிறகு பத்திரம் போடுங்கள்.

வங்கியின் வக்கீல் பார்த்துவிட்டாரே என்று விட்டுவிடாதீர்கள். அவர் வங்கிக்காகப் பார்க்கிறார். நமக்கென்று ஒருவரை வைத்து எழுத்தில் கருத்து வாங்க எனக்கு 6,000 ரூபாய் ஆனது.

4. பதிவுச் செலவு

கைமாறும் வீட்டுக்கு முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம், மொத்தம் 9. அரசு நிர்ணயித்திருக்கும் வழிகாட்டி மதிப்பு, பேசிய விலை இரண்டில் எது அதிகமோ அதற்குக் கணக்கு. பில்டரிடம் புதிதாக வாங்கும் அடுக்குமாடி வீட்டுக்கு 2023 டிசம்பரிலிருந்து, மனைப் பங்கையும் கட்டடத்தையும் சேர்த்து மதிப்பிடும் கூட்டு மதிப்பு முறை வந்திருக்கிறது. 50 லட்சம் வரை முத்திரைத்தீர்வை 4 சதவீதம், 3 கோடி வரை 5 சதவீதம், பதிவுக் கட்டணம் அதே 2. பெண்கள் பெயரில் 10 லட்சத்துக்குள் உள்ள சொத்தைப் பதிந்தால் 2025 ஏப்ரலிலிருந்து பதிவுக் கட்டணத்தில் 1 சதவீதம் குறைவு. என் வீட்டின் விலைக்கு அது பொருந்தாது.

இது தவிர ஆவணம் எழுதுபவர் கூலி, வங்கியில் பத்திரத்தை ஒப்படைப்பதற்கான தனி முத்திரைத்தீர்வை, வங்கியின் செயலாக்கக் கட்டணம் எல்லாம் உண்டு. சொத்து 50 லட்சமோ அதற்கு மேலோ என்றால், வாங்குகிற நீங்கள் 1 சதவீதம் வருமான வரி பிடித்துக்கொண்டு மீதியை விற்பவருக்குத் தந்து, பிடித்ததை அரசுக்குக் கட்ட வேண்டும்.

பாதி பிளாக்கில் தாருங்கள் என்று கேட்பவர்களிடம் வாங்காதீர்கள். சொத்துக்காக 20,000 ரூபாயோ அதற்கு மேலோ ரொக்கமாகக் கைமாறுவதற்கே வருமான வரிச் சட்டப்படி தடை.

5. பத்திரம் கைக்கு வந்தவுடன்

மூன்று பெயர் மாற்றங்கள்: பட்டா, சொத்து வரி, ஈபி. குடிநீர் இணைப்பு இருந்தால் நான்கு. எல்லாவற்றுக்கும் இணையத்தில் மனுப் போடலாம். பத்திர நகல், ஆதார், பழைய ரசீது இருந்தால் போதும். பழைய பாக்கி ஏதும் இருக்கிறதா என்று மனுவுக்கு முன்பே பாருங்கள், வீட்டை வாங்கியவர் தலையில்தான் அது விழும்.

சொத்து வரி அரையாண்டுக்கு ஒரு முறை. ஏப்ரல் 30-க்குள், அக்டோபர் 31-க்குள் கட்டினால் 5 சதவீதம் தள்ளுபடி. போனில் நினைவூட்டல் வைத்துக்கொள்ளுங்கள்.

6. வாடகையும் அட்வான்ஸும்

வாடகையைத் தீர்மானிக்க அதே தெருவில் நான்கு பேரிடம் கேட்டாலே போதும். ஊர் விலையைவிட ஐநூறு ரூபாய் குறைத்து வைப்பது என் வழக்கம். காலியாகக் கிடக்கும் ஒரு மாதம் 9,000 ரூபாயைத் தின்றுவிடும். ஐநூறு கூட்டி வைத்து அதை மீட்க ஒன்றரை வருடம் ஆகும்.

அட்வான்ஸ் பற்றி 2017-ஆம் ஆண்டின் வாடகைச் சட்டம் சொல்வது இது: ஒப்பந்தத்தில் வேறாக எழுதாவிட்டால் மூன்று மாத வாடகைக்கு மேல் வாங்கக் கூடாது. சென்னையில் பத்து மாதம் கேட்கும் வழக்கம் இருக்கிறது. நான் மூன்று மாதம்தான் வாங்குகிறேன். பத்து மாதம் வாங்கினால், அவர் காலி செய்யும் நாளில் அதைப் புரட்ட வேண்டியவளும் நான்தானே. வாங்கும் அட்வான்ஸைத் தனிக் கணக்கில் போட்டு வையுங்கள். அது உங்கள் பணம் அல்ல.

7. ஆள் பார்ப்பது

எங்கே வேலை, எத்தனை பேர், எத்தனை வண்டி, இப்போதிருக்கும் வீட்டை ஏன் மாற்றுகிறீர்கள். இந்த நான்கும் கேளுங்கள். பழைய வீட்டு உரிமையாளரிடம் ஒரு போன் பேசுங்கள். சாதியையும் மதத்தையும் கேட்காதீர்கள். வாடகை ஒழுங்காக வருமா என்பதற்கு அதில் எந்தப் பதிலும் இல்லை, வீடு தேடி அலைகிறவருக்கு அது எவ்வளவு பெரிய அவமானம் என்பது நாமும் வாடகை வீட்டில் இருந்த நாட்களை நினைத்தால் தெரியும்.

புரோக்கர் மூலம் வந்தால் கமிஷன் யார், எவ்வளவு என்று முதலிலேயே பேசிவிடுங்கள். குடிவருகிறவரின் விவரத்தை அந்தப் பகுதி காவல் நிலையத்தில் கொடுத்து ஒப்புதல் நகல் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். காவல்துறை இணையதளத்திலும் வழி இருக்கிறது.

8. ஒப்பந்தமும் பதிவும்

பதினொரு மாத அக்ரிமெண்ட் எழுதி டிராயரில் போட்டுவிட்டால் முடிந்தது என்றுதான் நானும் நினைத்திருந்தேன். தமிழ்நாட்டில் 2019 பிப்ரவரி 22 முதல் நடப்பில் உள்ள சட்டப்படி, எத்தனை மாதம் என்றாலும் வாடகை ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிவாக வேண்டும். இதற்கென்றே அரசு இணையதளம் இருக்கிறது. இருவரின் அடையாள ஆவணம், புகைப்படம், கையெழுத்திட்ட ஒப்பந்தம், வீட்டு உரிமை ஆவணம் ஆகியவற்றை ஏற்றினால் பதிவு எண் வரும். ஒப்பந்தம் போட்ட அதே வாரத்தில் செய்துவிடுங்கள். நாளைக்குத் தகராறு வந்து வாடகை நீதிமன்றத்துக்குப் போனால் முதலில் கேட்பது அந்த எண்ணைத்தான்.

ஒப்பந்தத்தில் இவை கட்டாயம் இருக்கட்டும்: வாடகை, எந்தத் தேதிக்குள், எப்படி, அட்வான்ஸ் தொகையும் திருப்பித் தரும் நாளும், வருடத்துக்கு எத்தனை சதவீதம் ஏற்றம், ஈபி, தண்ணீர், மோட்டார் யார் பொறுப்பு, சிறு ரிப்பேர் யார், பெரிய ரிப்பேர் யார், காலி செய்ய எத்தனை நாள் முன்னறிவிப்பு, பெயிண்டுக்குப் பிடித்தம் உண்டா, உண்டென்றால் எவ்வளவு. கடைசியில் சொன்ன பெயிண்ட் விஷயத்தை எழுதாமல் விடுகிறவர்கள்தான் அதிகம், மனக்கசப்பு வருவதும் அதில்தான்.

நமக்கும் கட்டுப்பாடுகள் உண்டு. வீட்டுக்குள் போய்ப் பார்க்க 24 மணி நேரம் முன்னால் தெரிவிக்க வேண்டும். வாடகை பாக்கி என்றாலும் தண்ணீரையோ மின்சாரத்தையோ நிறுத்தக் கூடாது, பூட்டைப் போட்டுப் பூட்டவும் கூடாது. இரண்டு மாத வாடகை பாக்கி என்றால் நோட்டீஸ் கொடுத்து வாடகை நீதிமன்றத்துக்குப் போகலாம்.

9. சாவி கொடுக்கும் நாள்

ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். குடிவருகிறவரையும் கூட வைத்துக்கொண்டு அறை அறையாக வீடியோ எடுங்கள். ஃபேன் எத்தனை, டியூப்லைட் எத்தனை, குழாய் எத்தனை, சாவி எத்தனை என்று ஒரு தாளில் எழுதி இருவரும் கையெழுத்துப் போடுங்கள். ஈபி மீட்டர் ரீடிங்கைப் படம் எடுத்து அவருக்கே அனுப்புங்கள். அட்வான்ஸ் வங்கிக் கணக்குக்கு வந்த பிறகுதான் சாவி.

10. வாடகை வாங்குவதும் ரிப்பேரும்

வாடகை வங்கிக் கணக்குக்கே வரட்டும். கையில் வாங்கினால் அன்றே ரசீது கொடுங்கள். ஒழுகல், ஒயரிங் என்று போன் வந்தால் அன்றைக்கே ஆளை அனுப்புங்கள். மேல் போர்ஷனில் ஒரு குழாய் வாஷரை இரண்டு வாரம் தள்ளிப் போட்டேன். அறுபது ரூபாய் வேலை, கீழ் போர்ஷன் கூரையில் உப்புப் பூத்து 7,500 ஆனது.

11. வருமான வரி

வாங்கிய வாடகையில் நீங்கள் கட்டிய சொத்து வரியைக் கழிக்கலாம். மிச்சத்தில் 30 சதவீதம் நிலையான கழிவு, பில் எதுவும் காட்ட வேண்டாம். என் கணக்கில் 1,87,000-த்தில் 6,000 போய் 1,81,000. அதில் 30 சதவீதம் 54,300. மீதி 1,26,700. வீட்டுக் கடன் வட்டியையும் இதில் கழிக்கலாம். முதல் வருட வட்டி சுமார் 2,10,000 என்பதால் 83,300 நஷ்டம் வந்தது. பழைய வரி முறையில் வருடம் 2 லட்சம் வரை இந்த நஷ்டத்தைச் சம்பளத்தில் ஈடுகட்டலாம், புதிய முறையில் முடியாது. எந்த முறை என்று முடிவெடுக்கும் முன் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பெயிண்ட், பிளம்பர் செலவைத் தனியாகக் கழிக்க முடியாது, அந்த 30 சதவீதத்துக்குள் எல்லாம் அடக்கம்.

12. காலி செய்யும்போது

என் முதல் குடித்தனக்காரர் நல்ல மனிதர். பதினான்கு மாதம் இருந்துவிட்டு மாற்றலாகிப் போனார். வீட்டைச் சுற்றிப் பார்த்தேன், அட்வான்ஸை முழுதாகக் கொடுத்தேன், வண்டி ஏறிவிட்டார். பன்னிரண்டு நாள் கழித்து ஈபி ரீடிங் எடுக்க வந்தார்கள், பில் 2,340 ரூபாய். பில் இரண்டு மாதத்துக்கு ஒரு முறைதான் வரும் என்பது எனக்குத் தெரியும், அந்த நேரத்தில் தோன்றவில்லை. போன் செய்தால் அவர் எடுத்தார், பாதி அனுப்பினார், மீதிக்கு அடுத்த மாதம் என்றார். எழுதி வாங்காததால் நானும் அழுத்திக் கேட்கவில்லை.

இப்போது நான் செய்வது: காலி செய்யும் நாளில் இருவரும் மீட்டர் முன் நின்று ரீடிங் எடுக்கிறோம். கடைசி பில்லிலிருந்து எத்தனை யூனிட் என்று பார்த்து அன்றைய ரேட்டில் கணக்குப் போட்டு அட்வான்ஸில் பிடிக்கிறேன். சாவி கொடுத்த நாளில் எழுதிய தாளை எடுத்து ஒவ்வொன்றாகச் சரிபார்க்கிறோம். பிடித்தம் எதற்கு, எவ்வளவு என்று எழுதிக் கொடுத்து, மீதியை அங்கேயே நின்று வங்கியில் அனுப்பிவிட்டு, வீட்டை ஒப்படைத்ததாக ஒரு வரி எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன். அடுத்தவரிடம் அட்வான்ஸ் வாங்குவது சாவி என் கைக்கு வந்த பிறகுதான். வெள்ளையடிக்கவும் குழாய், ஒயரிங் பார்க்கவும் ஒரு வாரம் ஆகும், குடிவரும் தேதியை அதற்கேற்பச் சொல்லுங்கள்.